தீ தாங்குமா, விஷம் தாங்குமா: இனம் தேர்ந்தெடுக்க ஓர் ஐந்தொகை

ஃபேன்டசி ரோல்-பிளேயிங் ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் முதல் நாளே கேட்டுவிடுவார்: "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கான இனம் எது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் கோவில் தளக்கல்லில் கீறியிருக்கும் ஆடுபுலிக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புலி 3, ஆடு 15. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, சுற்றி நின்று அடைக்கும். இரண்டுக்கும் ஒரே பலம் கொடுத்திருந்தால் அந்த ஆட்டம் இத்தனை காலம் நின்றிருக்காது. புலி எத்தனை ஆட்டை வெட்டினால் வெற்றி, ஆடு எங்கே நின்றால் அடைப்பு என்பதில்தான் அதன் சமநிலை இருக்கிறது. டிவார்ஃப் (குள்ளர்), டீஃப்ளிங் (நரக வம்சத்தார்), டிராகன்பார்ன் (டிராகன் வம்சத்தார்) என்று பட்டியலில் இருக்கும் இனங்களையும் அப்படித்தான் எடை போட வேண்டும். அவை எந்த ஆட்டத்தில், எந்த எதிரியின் முன் நிற்கப்போகின்றன என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது.

விலை சொல்வதற்கு வழி உண்டு. செட்டிநாட்டில் கணக்குப் படித்த வீடுகளுக்கு அது புதிதும் இல்லை: பற்று, வரவு, பேரேடு, கடைசியில் ஐந்தொகை. இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் பெரும்பாலும் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின்படி. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு மேசையில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் அதுவோ அதன் 2024 திருத்தமோதான் ஆடிக்கொண்டிருப்பார்கள். 2024 திருத்தத்தில் 'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்பீஷீஸ்' என்று போட்டிருக்கிறார்கள். இனத்தோடு வந்த எபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்ற அடிப்படை எண்கள்) கூடுதலும் அதில் பேக்கிரவுண்டுக்கு, அதாவது பாத்திரத்தின் முன்கதைக்கு, போய்விட்டது. எந்த ஆண்டுப் புத்தகம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீரும்.

மேசைக்கு வேண்டியவை

20 முகப் பகடை ஒன்று, 4, 6, 8, 10, 12 முகப் பகடைகள், பென்சில், கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரத் தாள்), ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டை. 4 முகப் பகடை கிடைக்காவிட்டால் தாயக்கட்டை ஒன்று போதும். நான்கு முகமும் சம வாய்ப்பு உள்ளவை, வெற்று முகத்தை 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 20 முகப் பகடைக்குத் தாயக்கட்டை ஈடாகாது. இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டினால் 16 சேர்க்கைகள்தான் வரும். அதற்குக் கடையில் வாங்குங்கள், அல்லது போனில் உருட்டுங்கள்.

ரெசிஸ்டன்ஸ் என்றால் என்ன, என்ன இல்லை

இந்த ஆட்டத்தில் விழும் அடி 13 வகை. வெட்டு, குத்து, மொத்து மூன்றும் ஆயுதத்தால் வருபவை. தீ, குளிர், மின்னல், இடி, அமிலம், விஷம் என்பவை அடுத்த ஆறு. நெக்ரோட்டிக் (உயிரை உறிஞ்சுவது), ரேடியன்ட் (தெய்வ ஒளி), சைக்கிக் (மனதைத் தாக்குவது), ஃபோர்ஸ் (வெறும் மந்திர விசை) என்று மந்திரச் சரக்கு நான்கு. ஒரு வகைக்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தால் அந்த அடி பாதியாகும், பின்னம் வந்தால் கீழ்நோக்கி விடப்படும். இம்யூனிட்டி இருந்தால் அடியே இல்லை. வல்னரபிலிட்டி இருந்தால் இரட்டிப்பு.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் நான்கு.

ஒன்று, வரிசை. கூட்டல் கழித்தலை முதலில் முடித்துவிட்டு அதன் பிறகுதான் பாதியாக்க வேண்டும். 23 அடி விழுகிறது, கவசத் திறமையால் 3 குறைகிறது, ரெசிஸ்டன்ஸும் இருக்கிறது என்றால்: 23−3=20, அதில் பாதி 10. முதலில் பாதியாக்கினால் 11, அதில் 3 போக 8 என்று வரும். அது தவறு. இரண்டு புள்ளிதானே என்று விடாதீர்கள். முதல் லெவலில் ஒரு மந்திரவாதியின் மொத்த உயிரே 7 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) இருக்கும்.

இரண்டு, அடுக்கல். டீஃப்ளிங்குக்குப் பிறவியிலேயே தீ ரெசிஸ்டன்ஸ் உண்டு. மேலே தீ ரெசிஸ்டன்ஸ் மோதிரம் போட்டால் கால்வாசி ஆகாது. ஒரே வகைக்கு எத்தனை ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

மூன்று, சேவ் வேறு, ரெசிஸ்டன்ஸ் வேறு. சேவ் என்பது தப்பிக்க உருட்டுவது. ஃபயர்பால் மந்திரம் 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28. சேவ் வென்றால் 14. தீ ரெசிஸ்டன்ஸும் சேர்ந்தால் 7. இங்கே மட்டும் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வேலை செய்யும்.

நான்கு, விஷ அடி வேறு, 'பாய்சன்ட்' என்ற நிலை வேறு. அடி உயிரைக் குறைக்கும். அந்த நிலை உங்கள் தாக்குதலுக்கும் திறமை உருட்டலுக்கும் டிஸ்அட்வான்டேஜ் தரும், அதாவது இரண்டு முறை உருட்டித் தாழ்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். ரெசிஸ்டன்ஸ் முதலாவதைத்தான் தொடும். டிவார்ஃபுக்கு இரண்டுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் அதன் உண்மையான மதிப்பு. கீழே வரும்.

பல்லாங்குழியில் பேரேடு

பல்லாங்குழியில் 14 குழி. அடி வகை 13. ஒரு குழிக்கு ஒரு வகை என்று பெயர் வைத்துவிட்டால் ஒன்று மிஞ்சும். ஆட்டம் நடத்துகிறவர் வகையைச் சொல்லாமல் "எட்டு அடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அதை அந்தப் பதினாலாவது குழியில் போடுங்கள். அந்தக் குழி நிறைய ஆரம்பித்தால் அவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். வகை தெரியாத இடத்தில் எந்த ரெசிஸ்டன்ஸும் செல்லாக்காசு.

ஒரு புளியங்கொட்டைக்கு 5 புள்ளி. 3-க்குக் குறைந்த மிச்சத்தை விட்டுவிடுங்கள், 3, 4 என்றால் ஒரு கொட்டை போடுங்கள். ரெசிஸ்டன்ஸ் கழிப்பதற்கு முன் உள்ள அடியைப் போடுவது முக்கியம். கழித்ததைப் போட்டால், இருக்கிற டிவார்ஃபின் கணக்குதான் வரும். அடுத்து வரப்போகிறவர் எந்த இனம் எடுக்கலாம் என்பது தெரியாது. குழுவில் எல்லார் மேலும் விழுந்ததை எண்ணி, ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவரின் பங்கு கிடைக்கும். நாலு அமர்வு எண்ணினால் போதும். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்றால் நடத்துகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: "முதல் நாலு லெவலுக்கு எந்த மாதிரி எதிரிகள்?" கதையைச் சொல்லச் சொல்லவில்லை. பாம்பா, பிணமா, கொள்ளைக்காரனா என்று தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்கு ஒரு கதைக்களம் போட்டுக்கொள்வோம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் போகிறது. உள்ளே பாம்பு, கதண்டுக் கூடு, பர்மாத் தேக்குக் கதவுகளைப் பெயர்க்க வந்த அரிவாள் கோஷ்டி, கடைசிக் கட்டில் ஏதோ ஒரு பிணம் நடமாட்டம். 1 முதல் 4 லெவல் வரை ஓர் ஆளின் மேல் மொத்தம் 200 புள்ளி அடி, அதாவது 40 கொட்டை, இப்படிப் பிரிகிறது என்று வைப்போம்: குத்து 14 கொட்டை, வெட்டு 12, மொத்து 6, விஷம் 5, தீ 2, நெக்ரோட்டிக் 1.

இப்போது வரவு எழுதுங்கள். டிவார்ஃபின் விஷ ரெசிஸ்டன்ஸ் 25-ல் ஏறக்குறைய 12 புள்ளியை மிச்சம் பிடிக்கும். டீஃப்ளிங்கின் தீ ரெசிஸ்டன்ஸ் 10-ல் 5. நெக்ரோட்டிக்கும் ரேடியன்டும் தாங்கும் ஆசிமார் என்ற இனம் 5-ல் 2 அல்லது 3. இரண்டு வகை என்று ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டால் இதுதான் நடக்கும்.

மூன்று ஆயுத அடிகளும் சேர்ந்து 160 புள்ளி. அதற்குப் பிறவி ரெசிஸ்டன்ஸ் தரும் இனம் முதல் புத்தகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அது தற்செயல் இல்லை. வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில்; பார்பேரியன் வகுப்பு ரேஜில் (சண்டை வெறியில்) இருக்கும்போது இந்த மூன்றும் பாதியாகும். சண்டையில் பாதி நேரம் ரேஜில் இருந்தாலே 40 புள்ளி மிச்சம். எந்த இனத்தின் ரெசிஸ்டன்ஸும் இதன் பக்கத்தில் வராது. அதனால் உயிர் தாங்குவதுதான் உங்கள் நோக்கம் என்றால் முதலில் வகுப்பைப் பாருங்கள், கவசத்தைப் பாருங்கள், அதன் பிறகு இனத்துக்கு வாருங்கள். நிறையப் பேர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

கோலியாத் என்ற இனம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. ஸ்டோன்ஸ் என்ட்யூரன்ஸ் என்ற திறமையால், அடி விழும்போது 12 முகப் பகடை ஒன்றை உருட்டி, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி, சுருக்கமாகக் கான்) மாடிஃபயரை, அதாவது அதற்கான கூட்டல் எண்ணைக் கூட்டி, அவ்வளவு அடியைக் குறைக்கலாம். வகை எதுவானாலும் சரி. பழைய விதியில் ஒரு ஷார்ட் ரெஸ்டுக்கு (சிறு ஓய்வு) ஒரு முறை. கான் +2 என்றால் சராசரி 8.5. நாலு அமர்வில் 8 முறை பயன்படுத்தினால் 68 என்று தாளில் வரும். ஆனால் 6 புள்ளி அடிக்கு இதைச் செலவழித்தால் 6-தான் மிச்சம், மீதி வீண். ஆகவே 48 என்று எழுதுங்கள். டிவார்ஃபின் 12-ஐ விட நாலு மடங்கு. ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லே இல்லாத ஒரு திறமை இத்தனை தாங்குகிறது.

பாம்பு கடித்தால்: ஒரு கடியைப் பிரித்துப் பார்ப்போம்

மேலே டிவார்ஃபுக்கு 12 என்று எழுதியது குறைவான கணக்கு. ஏன் என்று ஒரே ஒரு பாம்புக் கடியை வைத்துப் பார்க்கலாம்.

விதிப் புத்தகத்தின் ஜயன்ட் பாய்சனஸ் ஸ்னேக் கடித்தால் 6 குத்து அடி. அதோடு 11 இலக்குள்ள கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும். தோற்றால் சராசரி 10 விஷ அடி, வென்றால் பாதி.

முதல் லெவல் மனித மந்திரவாதி, கான் +1, உயிர் 7. சேவுக்கு 20 முகப் பகடையில் 10 அல்லது மேலே வர வேண்டும், வாய்ப்பு 55 சதவீதம். வென்றால் 5, தோற்றால் 10. சராசரி 7.25 விஷ அடி.

முதல் லெவல் டிவார்ஃப் மந்திரவாதி, இனக் கூடுதலும் சேர்ந்து கான் +3, உயிர் 9. பகடையில் 8 வந்தால் போதும், 65 சதவீதம். விஷச் சேவுக்கு டிவார்ஃபுக்கு அட்வான்டேஜ் உண்டு, இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பார். வாய்ப்பு ஏறக்குறைய 88 சதவீதமாக ஏறுகிறது. வென்றால் 10-ல் பாதி 5, ரெசிஸ்டன்ஸில் அதில் பாதி, கீழ்நோக்கி 2. தோற்றால் 5. சராசரி 2.4-ஐத் தாண்டாது.

7.25 எங்கே, 2.4 எங்கே? பாதி என்று நினைத்தது மூன்றில் ஒன்றாகிவிட்டது. ரெசிஸ்டன்ஸ், அட்வான்டேஜ், கான் கூடுதல் மூன்றும் ஒரே திசையில் தள்ளுவதால் வந்த பலன் இது.

சேவில் தோற்ற மனிதருக்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். 6+10=16 அடி. உயிர் 7. பூஜ்யத்துக்கு வந்த பிறகும் 9 மிச்சம். மிச்ச அடி முழு உயிர் அளவை எட்டினால் அங்கேயே மரணம் என்பது விதி. 9, 7-ஐத் தாண்டிவிட்டது. மயக்கம் இல்லை, மருந்துக்கு நேரமும் இல்லை, புது ஷீட் எழுத வேண்டியதுதான். அதே கடியில் சேவ் தோற்ற டிவார்ஃபுக்கு 6+5=11. உயிர் 9 போய் 2 மிச்சம். விழுவார், ஆனால் சாகமாட்டார். சேவ் வென்றிருந்தால் 8 அடி, ஒரே ஒரு ஹெச்.பி.யோடு நிற்பார். ஒன்று இருந்தாலும் அடுத்த முறை அவர் கை ஓங்கும். ரெசிஸ்டன்ஸின் மதிப்பை மிச்சம் பிடித்த புள்ளியில் மட்டும் எழுதாமல், எந்த லெவலில் எந்த அடி ஆளை விழுத்தும் என்ற கோட்டையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது இதற்காகத்தான். 8-ம் லெவலில் அதே பாம்பு கடித்தால் இருவருமே தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கதண்டு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. கதண்டு கொட்டிச் செத்தவர்கள் கதை நம் பக்கத்து ஊர்களில் எல்லாம் உண்டு. அதனால் டிவார்ஃப் எடுத்தவர் கூட்டைக் கலைக்க முன்னால் போவார். ஆனால் விதிப் புத்தகத்தில் பூச்சிக் கூட்டத்தின் அடி விஷம் இல்லை, குத்து. முழு உயிரோடு இருக்கும் கூட்டம் 4 நாலுமுகப் பகடை, சராசரி 10. டிவார்ஃபின் ரெசிஸ்டன்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. தவிர அந்தக் கூட்டத்துக்கே வெட்டு, குத்து, மொத்து மூன்றுக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. அரிவாள் வீச்சு பாதிதான் ஏறும். தீயை எடுங்கள். பெயரைப் பார்த்து வகையை ஊகிக்காமல், நடத்துகிறவரிடம் வகையைக் கேட்டு எழுதும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட வேண்டும்.

தாங்குவது மட்டும் வரவில்லை

டீஃப்ளிங்குக்கு 5 புள்ளி என்று எழுதிவிட்டு மூடிவைத்தால் அது அநியாயம். தீ தாங்குகிறவர் தீயிலேயே நிற்கலாம். அது ஓர் ஆயுதம்.

வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் கதவு ஒரு ஆள் அகலம். அங்கே தரையில் ஒரு குடுவை விளக்கெண்ணெயை ஊற்றிக் கொளுத்துங்கள். விதிப்படி 5 அடி (ஃபீட்) சதுரம் இரண்டு சுற்று எரியும். உள்ளே நுழைகிறவருக்கும், அங்கே தன் முறையை முடிக்கிறவருக்கும் 5 தீ அடி, ஒரு முறைக்கு ஒரு தடவைதான். காப்ளின் என்ற சிறு எதிரியின் உயிர் 7. கடந்து வந்தால் 2-தான் மிஞ்சும். நடுவில் நிற்கும் டீஃப்ளிங்குக்கு 5-ல் பாதி, கீழ்நோக்கி 2. இதையே பெரிதாக்கினால் ஃபயர்பால். நண்பன் மந்திரவாதி டீஃப்ளிங்கின் காலடியில் போட்டாலும் சேவ் வென்றால் 7-தான். சுற்றி நிற்பவர்களுக்கு 28. குழுவில் தீ போடுகிறவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு டீஃப்ளிங் எடுங்கள். இல்லாவிட்டால் வரவு 5-தான்.

விஷ ரெசிஸ்டன்ஸுக்கு இந்த வசதி குறைவு. குழுவில் யாரும் விஷப் புகையைத் தங்கள் ஆள் மேல் அடிக்கடி போடமாட்டார்கள்.

டிராகன்பார்ன் நிறம் தேர்ந்தெடுக்க

டிராகன்பார்னுக்கு நிறம்தான் எல்லாம். கறுப்பு, செம்பு என்றால் அமிலம். நீலம், வெண்கலம் என்றால் மின்னல். சிவப்பு, தங்கம், பித்தளை என்றால் தீ. வெள்ளை, வெள்ளி என்றால் குளிர். பச்சை என்றால் விஷம். தாங்குவதும் அதே வகை, ஊதுவதும் அதே வகை.

பாம்பு வீட்டுக்குப் பச்சைதான் என்று தோன்றும். பற்று வரவு இரண்டையும் எழுதுங்கள். தாங்குவதற்குப் பச்சை நல்லது, ஊதுவதற்கு மோசம். எலும்புக்கூடு, சாம்பி, இயந்திரப் பொம்மை வகைகளில் பெரும்பாலானவற்றை விஷம் தொடாது. மூன்றாம் கட்டில் இருக்கும் பிணத்தின் முன் பச்சை டிராகன்பார்னின் மூச்சு வெறும் வாய்க்கொப்பளிப்பு. தீ அப்படி இல்லை, நடுநிலை. முதல் முறை ஆடுகிறவருக்குச் சிவப்போ பித்தளையோ சொல்வோம்.

2014 டிராகன்பார்ன் பலவீனமான இனம் என்று பெயர் எடுத்ததற்குக் காரணம் மூச்சின் விலை. ஒரு சுற்றின் முழு ஆக்ஷன் (செயல் வாய்ப்பு) போகும். 2 ஆறுமுகப் பகடை, சராசரி 7, ஒரு ரெஸ்டுக்கு ஒரு முறை. 5-ம் லெவல் ஃபைட்டர் ஒரு ஆக்ஷனில் இரண்டு முறை வெட்டுவார். இரண்டு வெட்டை விட்டுக்கொடுத்து 7 வாங்குவது நஷ்டம், மூன்று பேராவது மூச்சில் சிக்கினால் ஒழிய. இருட்டில் பார்க்கும் டார்க்விஷனும் கிடையாது. 2024-ல் மூச்சு ஒரே ஒரு வெட்டுக்குப் பதிலாக வருகிறது, புரஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு ஏறும் ஓர் எண்) அளவு முறை ஊதலாம், 60 அடி (ஃபீட்) தூர டார்க்விஷனும் உண்டு. ரெசிஸ்டன்ஸில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இனம் மட்டும் நிமிர்ந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் ஒரு பாடம் யுவான்-டி என்ற பாம்பு இனம். 2016-ல் ஆட வந்தபோது அதற்கு விஷ இம்யூனிட்டியும், எல்லா மந்திரச் சேவுக்கும் அட்வான்டேஜும் இருந்தன. எங்கும் இதுதான் எடுத்தார்கள், பல மேசைகளில் தடையே போட்டார்கள். 2022 பதிப்பில் விஷ இம்யூனிட்டி ரெசிஸ்டன்ஸாக இறங்கியது. இரண்டில் பெரியது மந்திரச் சேவு அட்வான்டேஜ்தான் என்பது எங்கள் கணிப்பு. அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் மாறினால் கணக்கும் மாறும்

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ரெசிஸ்டன்ஸ் பாதியாக்காது, ஒரு நிலையான எண்ணைக் கழிக்கும். ஃபோர்ஜ் டிவார்ஃபுக்கும் சார்ஹைட் காப்ளினுக்கும் தீ ரெசிஸ்டன்ஸ் லெவலில் பாதி. 5-ம் லெவலில் 2. சராசரி 21 அடிக்கும் ஃபயர்பாலில் 2 போனால் 19, உடம்பில் பட்டதே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஆறுமுகப் பகடை அளவு எரியும் தீ என்றால், சராசரி 3.5 என்பது 1.7-க்கு இறங்கிவிடும், பாதிக்கும் கீழே. சிறு அடி பலமுறை விழும் இடத்தில் நிலையான எண் ஜெயிக்கும், பெரிய அடி ஒருமுறை விழும் இடத்தில் பாதியாக்கல் ஜெயிக்கும். அதில் வரிசை இம்யூனிட்டி, வீக்னெஸ், கடைசியில் ரெசிஸ்டன்ஸ். தொடக்க உயிரும் இனத்தைப் பொறுத்தது: எல்ஃப் 6, மனிதர் 8, டிவார்ஃப் 10. லெவல் ஏறினாலும் இந்த வித்தியாசம் கூடாது.

கம்ப்யூட்டரில் தொடங்கியவர்களுக்கு 2011-ன் ஸ்கைரிம் தெரிந்திருக்கும். அங்கே எல்லாம் சதவீதம். நார்டுக்குக் குளிர் 50, டன்மருக்குத் தீ 50, ரெட்கார்டுக்கு விஷம் 50, ஆர்கோனியனுக்கு நோய் 50, பிரெட்டனுக்கு மந்திரம் 25. இருபத்தைந்தைப் பார்த்துப் பிரெட்டனைத் தள்ளிவிடுவார்கள். மந்திர ரெசிஸ்டன்ஸ் தீ, குளிர், மின்சாரம் மூன்றின் மேலும் தனி அடுக்காகப் பெருக்கப்படுகிறது. 100 புள்ளி தீ மந்திரம், பிரெட்டனுக்கு 75. தீ 50 சதவீத மோதிரம் போட்டால் 37.5. டன்மர் அதே மோதிரம் போட்டால் 50+50 என்று கூடினாலும் உச்சவரம்பு 85, அடி 15. தீயில் டன்மர் முன்னால், ஆனால் மோதிரத்தில் 15 வீணாகிறது. குளிரிலும் மின்சாரத்திலும் பிரெட்டன் முன்னால். தவிர, உச்சவரம்பு இருக்கும் ஆட்டங்களில் பிறவி ரெசிஸ்டன்ஸ் முதலில் கை கொடுக்கும், கடைசியில் கடையில் வாங்கும் நகையோடு போட்டி போடும். நோய் ரெசிஸ்டன்ஸ் பற்றி என்ன சொல்ல? எந்த ஊர் கோவில் பீடத்தைத் தொட்டாலும் நோய் போய்விடும்.

பற்றுப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் 2002-ன் மாரோவிண்ட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டம். அதில் ஆல்ட்மர் இனத்துக்கு மந்திர சக்தி அதிகம், விலையாக மந்திரத்துக்கும் தீக்கும் 50 சதவீதம், குளிருக்கும் மின்சாரத்துக்கும் 25 சதவீதம் பலவீனம். கடன் வாங்கித் தொழில் செய்வது மாதிரி. திருப்பி அடிக்கத் தெரிந்தவர் மட்டும் எடுக்கலாம்.

சொந்தமாக ஓர் இனம் எழுதுகிறவர்களுக்கு

நாலு மாதம் ஆடியதும் யாராவது ஒருவர் நம் ஊர் இனம் ஒன்று எழுதிக்கொண்டு வருவார். 'ஊருணி மக்கள்' என்று வைத்துக்கொள்வோம். அளவுகோலாக டிவார்ஃபைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வகை ரெசிஸ்டன்ஸ், ஒரு நாளைக்கு ஒரு முறை செய்யும் ஒரு வேலை, சண்டைக்கு வெளியே உதவும் ஒன்று. அவ்வளவுதான். ஊருணி மக்களுக்கு விஷ ரெசிஸ்டன்ஸ், 15 நிமிடம் மூச்சடக்கம், ஒரு முறை கைப்பிடி நீரால் விழுந்தவரை ஒரு ஹெச்.பி.க்கு எழுப்புவது என்றால் சரியாக நிற்கும்.

வெட்டு, குத்து, மொத்து ரெசிஸ்டன்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். 40 கொட்டையில் 32 அதில்தான் இருக்கிறது. "அதுக்கு ஈடா குளிருக்கு வல்னரபிலிட்டி வச்சுக்கறேன்" என்று பேரம் வரும். வெயில் கொளுத்தும் செம்மண் பூமியில் நடக்கும் கதையில் குளிர் அடி எங்கிருந்து வரும்? வராத செலவுக்குக் கழிவு கேட்கிறார். அப்படியே குளிர் வந்தாலும் சரியாக வராது. இரட்டிப்பு என்பது 28-ஐ 56 ஆக்கும், ஒரே மந்திரத்தில் ஆள் போய்விடுவார். வல்னரபிலிட்டி இனத்துக்கு ஏற்ற நாணயம் இல்லை. ஒன்று தினமும் விலையில்லாமல் கிடக்கும், அல்லது ஒரே நாளில் திவாலாக்கும்.

எழுதியதைச் சோதிக்க மூன்று சண்டை போதும். ஒரே எதிரி, ஒரே வகுப்பு, ஒரே கவசம், நாலு சுற்று. ஒரு முறை டிவார்ஃபோடு, ஒரு முறை புது இனத்தோடு, ஒரு முறை மனிதரோடு. மிச்சமான ஹெச்.பி., விழுந்த சுற்று, இனத் திறமையைப் பயன்படுத்திய தடவை, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். திறமையை ஒரு முறைகூடத் தொடவில்லை என்றால் அது பலவீனம் இல்லை, அலங்காரம். வேறொன்று எழுதுங்கள்.

ஷீட்டில் இனத்தின் வரியைப் பென்சிலில் எழுதி, 5-ம் லெவலில் பல்லாங்குழியைத் திரும்ப எண்ணுங்கள். அதற்குள் எதிரிகளின் கையில் மந்திரம் வந்திருக்கும், விஷக் குழி வற்றித் தீக் குழி நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் புதையலில் ரெசிஸ்டன்ஸ் மோதிரம் கிடைத்தால் யாருக்கு என்று வாக்குவாதம் வரும். தீ மோதிரம் என்றால் டீஃப்ளிங்குக்குக் கொடுக்காதீர்கள், விஷ மோதிரம் என்றால் டிவார்ஃபுக்குக் கொடுக்காதீர்கள். குழுவில் உயிர் குறைந்த ஆள் யாரோ, அவர் விரலில் போடுங்கள்.